அரசரின் மேனியைத் தொட்ட கைகள்

ஷாம்பூ என்றதும் நமது நினைவுக்கு வருவது தலையில் தேய்த்துக் குளிக்கும் நுரைக்குழம்புதான். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கில மொழிக்குள் நுழைந்தபோது அதற்கும் தலைமுடிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. 'அழுத்து', 'பிசை' என்று ஏவும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அது. உடம்பு பிடித்துவிடுவதைத்தான் அக்கால ஆங்கிலேயர் 'ஷாம்பூயிங்' என்றார்கள். தலை கழுவுதல் என்ற பொருள் 1860களில்தான் அதனுடன் வந்து ஒட்டிக்கொண்டது. முதற்பொருள் மெல்ல மறைந்து போயிற்று. அந்த முதற்பொருளோடு சேர்ந்து, அதை இங்கிலாந்தில் நிலைநிறுத்திய மனிதரும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மறக்கப்பட்டிருந்தார் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

இன்று உலகின் எந்தப் பெருநகரிலும் 'ஸ்பா' இல்லாத நட்சத்திர ஹோட்டலைக் காண்பது அரிது. காலையில் உள்ளே சென்றால் மூலிகை ஆவியில் வியர்க்க வைப்பார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். முகத்துக்கும் பாதத்துக்கும் தனித்தனியே உபசாரம் நடக்கும். மாலையில் உடல் இலேசாகி வெளியே வரலாம். எமது நாட்டின் பேருவளை, பெந்தோட்டைக் கரையோரங்களில் ஆயுர்வேதத்தின் பெயரால் இதே உபசாரத்தைப் பெறுவதற்கென்றே ஜேர்மனியிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர்.

இத்தகைய ஓய்வுநாளின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக ரோமாபுரியின் பொதுக்குளிப்பு மாளிகைகளிலிருந்து தொடங்குவார்கள். கி.பி. 216இல் திறக்கப்பட்ட கரகல்லா மன்னனின் குளிப்பு மாளிகையை வர்ணிப்பார்கள். பின்னர் 'ஸ்பா' என்ற சொல்லையே உலகுக்கு வழங்கிய பெல்ஜிய நாட்டின் ஸ்பா நகருக்கு வந்து, 1717இல் ரஷ்யப் பேரரசர் மகா பீற்றர் அங்கு தங்கி ஊற்றுநீர் அருந்தியதைக் கூறுவார்கள். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவ்வரலாறுகளில் நாம் காண்பது படுத்திருந்தவர்களை மட்டுமே. அவர்களின் தோளையும் முதுகையும் பிடித்துவிட்ட கைகள் யாருடையவை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இதற்கு ஓர் அபூர்வமான விதிவிலக்கு இருக்கிறது. அவர் பெயர் சேக் டீன் மொஹமட்.

1759இல் பீகாரின் பாட்னா நகரில் பிறந்தவர் டீன் மொஹமட். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையில் சேவை செய்து, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்து போனார். பதினொரு வயதளவில், கொட்ஃபிறி இவான் பேக்கர் என்ற அயர்லாந்து அதிகாரியைப் பின்தொடர்ந்து அந்தச் சிறுவனும் படை முகாமில் சேர்ந்து கொண்டான். படையில் சுபேதார் நிலைவரை உயர்ந்தார். 1782இல் பேக்கர் படையிலிருந்து விலகியபோது தானும் விலகினார். 1784இல் அவருடன் அயர்லாந்தின் கோர்க் நகரை வந்தடைந்தார். அங்கே ஆங்கிலம் கற்று, ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணை 1786இல் மணந்து கொண்டார்.

1794இல் தமது பயணங்களைக் கடித வடிவில் எழுதி இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுதான். முன்கூட்டியே பணம் கட்டி ஆதரிப்பவர்களின் பட்டியலைச் சேர்த்துக்கொண்டு நூல் அச்சிடுவது அக்கால வழக்கம். அயர்லாந்துப் பிரமுகர்கள் பலர் அப்பட்டியலில் இடம்பெற்றனர்.

ஏறத்தாழ 1807 அளவில் குடும்பத்துடன் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தார். அங்கே போட்மன் சதுக்கத்தில் பசில் கொக்கிறேன் என்ற பெரும் செல்வந்தர் வசித்தார். இவர் சென்னையில் கம்பனி உத்தியோகத்திலும், பிரித்தானியக் கடற்படைக்கு உணவுப் பொருட்களை வழங்கும் ஒப்பந்தத்திலும் பொருள் குவித்தவர். தமிழ்நாட்டுக் கரையில் திரட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தமது இலண்டன் மாளிகையில் நீராவிக் குளிப்பறை ஒன்றை அமைத்தார். டீன் மொஹமட் அங்கே பணிக்கமர்ந்தார். ஆவிக் குளிப்புடன் உடம்பு பிடித்துவிடும் இந்திய முறையை இணைத்தது அங்கேதான் என்று கூறப்படுகிறது.

ஆனால் அவரது மனம் சொந்தத் தொழிலை நாடியது. 1810இல் அதே சதுக்கத்துக்கு அண்மையில் ஜோர்ஜ் வீதியில் 'ஹிந்துஸ்தானி கோப்பி இல்லம்' என்ற உணவகத்தைத் திறந்தார். இந்தியர் ஒருவர் பிரித்தானியாவில் நடத்திய முதலாவது இந்திய உணவகம் அது. கறியும் சோறும், புகைக்க ஹூக்காவும், அமர மூங்கில் இருக்கைகளும் அங்கே இருந்தன. இந்தியாவிலிருந்து திரும்பிய கம்பனி உத்தியோகத்தர்கள் வந்து குவிவார்கள் என்பது அவரது கணக்கு. அவர்களிற் பலர் தமது வீடுகளிலேயே இந்தியச் சமையற்காரரை வைத்திருந்ததாலோ என்னவோ, அந்தக் கணக்குப் பிழைத்தது. 1812இல் அவர் வங்குரோத்தானார். அதன்பின், முன்னாள் உணவக உரிமையாளரான அவர், பிரபுக்களின் வீட்டில் பணியாள் வேலை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழும் எனது வாசகர்கள் பலருக்கு இந்தக் கட்டத்தை நான் விளக்கத் தேவையில்லை. கையிலிருந்த காசையெல்லாம் போட்டுக் கடை திறந்து, இரண்டு வருடத்தில் பூட்டி, மறுநாள் காலையில் இன்னொருவரின் சமையலறைக்கு வேலைக்குப் போன மனிதர்களை அவர்களுக்குத் தெரியும். டீன் மொஹமட்டுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று.

1814இல் அவர் பிரைட்டன் நகருக்குப் போனார். போன இடம் மிகப் பொருத்தமானது. மீன்பிடிக் கிராமமாக இருந்த பிரைட்டனை நோயாளர்களின் நகராக மாற்றியவர் றிச்சர்ட் றஸ்ஸல் என்ற வைத்தியர். கடல்நீரில் குளிப்பதும் அதை அருந்துவதும் நோய் தீர்க்கும் என்று 1750இல் நூல் எழுதியவர் அவர். 1783இல் முதன்முதலாக அங்கு வந்த வேல்ஸ் இளவரசர் அவ்வூரை விட்டுப் பிரிய மனமின்றி அங்கே மாளிகை அமைத்தார். 1815இலிருந்து அம்மாளிகை ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞரால் இந்தியக் கும்மட்டங்களுடன் மாற்றிக் கட்டப்பட்டது. றோயல் பவிலியன் என்று இன்றும் பெயர்பெற்று விளங்கும் கட்டடம் அதுவே. நோயையும் கீழைத்தேய மோகத்தையும் ஒருசேரக் கொண்டிருந்த அந்த ஊரில், தமது ஊர் வைத்தியத்தைக் கடை விரித்தார் டீன் மொஹமட்.

அவரது சிகிச்சை முறை சுவையானது. இந்திய மூலிகைகள் கலந்த ஆவியில் முதலில் நோயாளியை நன்றாக வியர்க்க வைப்பார்கள். எமது ஊர்களில் வேது பிடிப்பது போன்ற ஒன்றுதான். பின்னர் ஃபிளானல் துணியாலான ஒரு கூடாரத்துள் நோயாளி இருப்பார். துணிச் சுவரில் கைகளை நுழைப்பதற்கு மட்டும் வழி இருக்கும். வெளியே நிற்பவர் தம் கைகளை அதனூடே நுழைத்து நோயாளியின் உடலைப் பிடித்துவிடுவார். உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் கைகள் மட்டுமே புலப்படும்.

தொடக்கத்தில் இதை ஏமாற்று வித்தை என்று பலர் எள்ளி நகையாடினர். மூட்டு வாதத்தாலும் முடக்கத்தாலும் வந்தவர்கள் குணமடைந்து திரும்பவே, ஏளனம் அடங்கியது. குணமானவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களை அவர் தமது நிலையத்தில் காட்சிக்கு வைத்தார். 1821இல் கடற்கரையை நோக்கி 'மொஹமட் குளிப்பு மாளிகை' எழுந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெண்கள் பகுதியை மனைவி ஜேன் கவனித்துக் கொண்டார். நான்காம் ஜோர்ஜ் மன்னர் அவரைத் தமது 'ஷாம்பூயிங் சத்திரசிகிச்சையாளர்' என்று நியமித்தார். அடுத்து வந்த நான்காம் வில்லியம் மன்னரும் அந்நியமனத்தைத் தொடர்ந்தார். பீகாரில் பிறந்த ஒருவரின் கைகள் பிரித்தானிய மன்னரின் மேனியைத் தொட்டுப் பிசைந்தன. அதற்குப் பட்டமும் கிடைத்தது.

1822இல் தமது வைத்திய முறையைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தமது பிறந்த ஆண்டைப் பத்து வருடம் பின்னோக்கித் தள்ளி 1749 என்று குறிப்பிட்டார். கல்கத்தாவில் வைத்தியம் பயின்றதாகவும் எழுதினார். முதல் நூலில் அவரே கூறிய வாழ்க்கைக்கு இது முரணானது. இந்தப் பொய்யை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் காரணத்தை விளங்கிக் கொள்ளலாம். பதினொரு வயதில் முகாமுக்குப் போன சிறுவனின் கைத்திறனை மட்டும் நம்பி ஆங்கிலேயக் கனவான் தமது முதுகைக் கொடுக்க மாட்டார். கைக்குப் பின்னால் ஒரு கல்லூரி தேவைப்பட்டது. அவர் அதைத் தாமே கட்டிக் கொண்டார்.

இங்கே நாம் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. டீன் மொஹமட் தமது குடும்பம் முர்ஷிதாபாத் நவாபுகளுக்கு உறவு என்று எழுதியவர். வட இந்தியாவில் உடம்பு பிடித்துவிடுவது நாவிதரும் வேலைக்காரரும் செய்யும் தொழில். ஊரில் இருந்திருந்தால் அவர் அந்தத் தொழிலை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். கடல் கடந்ததால்தான் அது வைத்தியமாகியது.

எமது சமூகத்துக்கும் இது பொருந்தும். தமிழர் மத்தியில் நாவிதர் குலத்தவரே ஒருகாலத்தில் மருத்துவராகவும் இருந்தனர். அவர் வீட்டுப் பெண்களே பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். சுளுக்கு எடுத்ததும், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும், பிறந்த சிசுவை முதன்முதலில் ஏந்தியதும் அந்தக் கைகளே. அக்கைகளுக்குரியவரைச் சமமாக இருத்தி ஒரு பிடி சோறு போட மறுத்ததும் நாமேதான். தொடுகையால் நோய் தீர்த்தவர்களையே தொடக்கூடாதவர்கள் என்று விலக்கிய விசித்திரம் வேறெங்கு நடக்கும்? அதே எண்ணெயும் அதே உருவலும் இன்று நட்சத்திர ஹோட்டலில் பெரும் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றன. தொழிலுக்கு மதிப்பு வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தவர்களுக்கு அந்த மதிப்பில் பங்கு கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

டீன் மொஹமட்டின் மதிப்பும் நிலைக்கவில்லை. 1837இல் அரியணை ஏறிய விக்டோரியா மகாராணிக்குப் பிரைட்டனில் நாட்டம் இருக்கவில்லை. பவிலியன் மாளிகை 1850இல் நகரசபைக்கே விற்கப்பட்டது. அதற்கு முன்பே டீன் மொஹமட்டின் தொழிலுக்கு முதலிட்ட பங்காளி இறந்துவிட, 1841இல் குளிப்பு மாளிகை ஏலத்துக்கு வந்தது. தமது பெயர் தாங்கிய கட்டடத்தை வாங்க அவரிடம் பணமில்லை. முதுமையிலும் சிறியதோர் இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். 1850ஆம் ஆண்டின் இறுதியில் ஜேன் காலமானார். சில வாரங்களில், 1851 பெப்ரவரியில், அவரும் கண்ணை மூடினார். பிரைட்டன் புனித நிக்கலஸ் தேவாலய வளவில் அவரது கல்லறை இருக்கிறது. இறக்கும்போது வயது நூற்றொன்று என்று கல்வெட்டுக் கூறுகிறது. அவர் தாமே கூட்டிக்கொண்ட பத்து வருடங்கள் கல்லறைக்கும் கூடவே சென்றன.

பின்னர் நீண்ட மறதி. 1996இல் மைக்கல் ஃபிஷர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அவரது வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து நூலாக்கிய பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2005இல் இலண்டன் ஜோர்ஜ் வீதியில் உணவகத்தின் நினைவுப் பலகை திறந்து வைக்கப்பட்டது.

அவரது பேரன் ஃபிறெட்றிக் அக்பர் மொஹமட்டையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1849இல் பிறந்த இவர் முறையாக மருத்துவம் கற்று, இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். நாடித் துடிப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டும் கருவியைத் திருத்தியமைத்து, சிறுநீரக நோய் வெளிப்படுவதற்கு முன்னரே இரத்த அழுத்தம் உயர்ந்துவிடுகிறது என்பதைக் கண்டுகாட்டிய முன்னோடிகளில் ஒருவர். 1884இல் நெருப்புக் காய்ச்சலால் இளவயதிலேயே மறைந்தார். பாட்டனார் இல்லாத கல்லூரியைக் கற்பனையில் கட்டினார். பேரன் உண்மையான கல்லூரியில் படித்து மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தார்.

எமது நாட்டில் இன்று ஸ்பா என்ற சொல் பத்திரிகைகளில் இடம்பெறுவது பெரும்பாலும் பொலிஸ் செய்தியாகத்தான். அந்தப் பெயரில் விபசார விடுதிகள் நடத்தப்படுவதும் சுற்றிவளைக்கப்படுவதும் உண்மை. ஆனால் முறையாகப் பயின்று, நாள் முழுவதும் நின்றபடியே பிறர் உடலின் நோவை நீக்கிச் சம்பாதிக்கும் பெண்களும் ஆண்களும் அதே சொல்லின் கீழ்தான் தொழில் செய்கின்றனர். தாம் என்ன வேலை செய்கிறோம் என்பதை ஊரில் சொல்ல அவர்களிற் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தில் பழைய சாதி வழக்கத்தின் எச்சமும் கலந்திருக்கிறது என்பது எனது எண்ணம்.

பிரைட்டன் அருங்காட்சியகத்தில் டீன் மொஹமட்டின் உருவப்படம் இருக்கிறது. இங்கிலாந்து வாழ் வாசகர்கள் கடற்கரைக்குப் போகும் நாளில் அதையும் பார்த்து வரலாம். உலகின் எந்த மூலையிலாவது ஒரு நாள் ஓய்வாக எண்ணெய்க் குளிப்புக்குச் செல்பவர்கள், தமது தோளைப் பிடித்துவிடுபவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுப் பாருங்கள். அவரும் எங்கோ ஒரு ஊரை விட்டு வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.