கிட் கார்: வீட்டுக் கொட்டகையில் பிறந்த மகிழுந்தின் வரலாறு

கிட் கார் என்பது பாகங்களின் தொகுப்பாக விற்கப்பட்டு, வாங்குபவரே பூட்டி முடிக்கும் மகிழுந்து ஆகும். இதன் அடிச்சட்டமும் (சேசிஸ்) உடற்கூடும் பெரும்பாலும் புதியவை. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு போன்றவை பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி எடுக்கப்படும். இவ்வகைக் கார்கள் பல நாடுகளில் உருவாகியிருந்தாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில்தான் இது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. அதற்குப் பொறியியல் ஆர்வம் ஒரு காரணம். வரி மற்றொரு காரணம்.

தொடக்கம்

1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்ட ஆஸ்டின் செவன் என்னும் சிறிய கார், போருக்குப் பின் பழைய விலைக்கு எளிதாகக் கிடைத்தது. இதன் அடிச்சட்டம் 'A' எழுத்தின் வடிவில் இருந்தது. மேற்கூட்டைக் கழற்றிவிட்டு வேறு கூடு பொருத்துவது கடினமன்று.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் (1928–1982), 1928ஆம் ஆண்டு மாடல் ஆஸ்டின் செவன் ஒன்றை எடுத்து, அதன்மீது ஒட்டுப்பலகையும் அலுமினியமும் கொண்டு புதிய கூடு கட்டினார். 1948இல் முடிந்த அந்தக் காரே முதல் லோட்டஸ். அவருடைய பட்டறை, பின்னாளில் மனைவியான ஹேசலின் தந்தை வீட்டுக் கொட்டகைதான்.

வரியும் தொகுப்பும்

அக்காலத்தில் பிரிட்டனில் புதிய கார்களுக்குக் கொள்முதல் வரி விதிக்கப்பட்டது. 1951இல் அது மொத்த விலையில் 66⅔ விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் பாகங்களாக வாங்கி உரிமையாளரே பூட்டிக்கொண்டால் இந்த வரி இல்லை. சாதாரணச் சம்பளக்காரரும் பந்தயக் கார் வைத்துக்கொள்ள இந்த இடைவெளி வழிவிட்டது.

லோட்டஸ் மார்க் 6, 1950களின் தொடக்கத்தில் இப்படி விற்பனைக்கு வந்தது. 1957இல் லோட்டஸ் செவன் வெளியானது. பூட்டும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தால் வரிவிலக்கு போய்விடும் என்பதால், 'கழற்றும் முறை'க் கையேட்டைக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1973இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தது. தொகுப்புக்கு இருந்த வரிச் சலுகையும் மறைந்தது. அதே ஆண்டில் செவன் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது.

அடிச்சட்டம்: முக்கோணத்தின் வலிமை

நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கி, ஒரு பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியைச் சேர்த்தால் அசையாது. மெல்லிய எஃகுக் குழாய்களை இம்முறையில் பற்றவைத்து உருவாக்குவதே குழாய்ச் சட்டகம் (ஸ்பேஸ் ஃபிரேம்). கனமான இரும்புச் சட்டம் தரும் உறுதியை மிகக் குறைந்த எடையில் இது தருகிறது. செவன் காரில் தரையிலும் பக்கங்களிலும் தைத்த அலுமினியத் தகடுகளும் சட்டகத்தின் முறுக்கத்தைத் தடுக்க உதவின.

சட்டகம் முறுக்கிக்கொண்டால் என்ன கெடும்? சக்கரங்கள் தரையோடு கொள்ளும் கோணம் மாறிவிடும். வளைவில் திருப்பும்போது கார் ஓட்டுநரின் கையில் நில்லாது.

சஸ்பென்ஷன்: ஒரு பாடம்

மார்க் 6 காருக்குச் சாப்மன் ஃபோர்டு காரின் முன் அச்சை நடுவில் வெட்டி, இரு பாதிகளும் தனித்தனியே அசையும்படி பொருத்தினார். செலவு குறைவு, ஆனால் சக்கரம் மேலேறும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். செவன் காரில் மேலும் கீழும் இணைப்புக் கைகள் கொண்ட அமைப்பு வந்தது. சாய்வைத் தடுக்கும் தண்டையே மேல் கையின் ஒரு பகுதியாகவும் அவர் பயன்படுத்தினார்.

இந்தச் சிக்கனம் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. 1960இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனில், பின் அச்சைப் பிடித்துநிறுத்தும் 'A' வடிவக் கை, அச்சின் நடுப்பெட்டிக்கு அடியில் இணைக்கப்பட்டது. ஒரு சாதாரணக் குடும்பக் காருக்காக வார்க்கப்பட்ட அந்தப் பெட்டி இத்தகைய இழுவிசையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. அது நெளிந்தது, எண்ணெய் கசிந்தது. ஒரு காரின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தும்போது, அளவு பொருந்தினால் மட்டும் போதாது. விசை எந்தத் திசையில் வரும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

உடற்கூடு

வளைந்த தகடு அடிப்பது தேர்ந்த கைவினைஞரின் வேலை. கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) வந்தபின் ஓர் அச்சிலிருந்து பல கூடுகளை வார்க்க முடிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் படகுக் கட்டுமானம் அறிந்த புரூஸ் மேயர்ஸ், 1964இல் மேயர்ஸ் மேங்க்ஸ் என்னும் கடற்கரைக் காரை இவ்வாறு உருவாக்கினார். முதல் சில கார்களுக்குப் பின், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைத்தட்டை வெட்டிக் குட்டையாக்கி, அதன்மேல் கூட்டை அமர்த்தும் முறை வந்தது. ஆனால் எளிதாக வார்க்கக்கூடியதை எளிதாக நகலெடுக்கவும் முடியும். நகல்கள் பெருகின; காப்புரிமை வழக்கிலும் மேயர்ஸ் தோற்றார்.

ஓர் ஆசிரியரின் நூல்

இங்கிலாந்தின் ஔண்டில் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன், வெறும் 250 பவுண்டில் விளையாட்டுக் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லும் நூலை 1996இல் வெளியிட்டார். சதுரக் குழாய்களை அளந்து, வெட்டி, பற்றவைத்து, ஃபோர்டு எஸ்கார்ட் காரின் பாகங்களைப் பொருத்தும் முறையை அது படிப்படியாகக் கற்பித்தது. இவ்வகைக் கார்கள் 'லோகாஸ்ட்' எனப்பட்டன. பலருக்கு அந்த விலைக்குள் முடியவில்லை. எனினும் வெல்டிங் அறியாத பலரும் இந்நூலால் அதைக் கற்றனர்.

சோதனையும் பொறுப்பும்

வீட்டில் கட்டிய காரும் பொதுச் சாலையில்தான் ஓடுகிறது. பற்றவைப்பு விட்டுப்போனால் எதிரே வருபவரும் ஆபத்துக்குள்ளாவார். எனவே பிரிட்டன் 1998இல் இத்தகைய கார்களுக்கும் தனி வாகனச் சோதனையைக் கொண்டுவந்தது. பிரேக், ஸ்டியரிங், இருக்கைப் பட்டையின் பிடிமானம், வெளியே நீட்டும் கூர்முனைகள் என ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டன. 2009 முதல் அதன் இடத்தில் புதிய சோதனை முறை வந்தது. கட்டுப்பாடு வந்தால் இக்கலை அழியும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். அது அழியவில்லை.

இந்தியாவில் பதிவுபெற்ற வாகனத்தின் அடிப்படை அமைப்பை உரிமையாளர் விருப்பம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. ஆனால் பொறியியல் மாணவர்கள் பாஹா போட்டிகளுக்காகக் குழாய்ச் சட்டக வண்டிகளைத் தாங்களே கட்டுகின்றனர். அவர்கள் பற்றவைக்கும் ஒவ்வொரு மூலைவிட்டக் குழாயிலும் இருப்பது அதே முக்கோணக் கணக்குதான்.