மாடு அவருடையது, மண் யாருடையது?

2024 ஜூனில் திருவொற்றியூர்த் தெருவொன்றில் எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துச் சென்றது. அதன்பின் தெருவில் திரியும் மாடுகளுக்கான அபராதத்தை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தியது சென்னை மாநகராட்சி. அடிபட்டவரின் பக்கமே நாமும் நிற்கிறோம். ஆயினும், துறைமுகமும் ஆலைகளும் நெருக்கும் வடசென்னையில் மாட்டுக்காரர் ஏன் தெருவை நம்பி வாழ்கிறார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

கேள்வி புதிதன்று. நகரத்து மாடுகளைக் குடியமர்த்தவே திருவொற்றியூருக்கு மேற்கே மாதவரத்தில் பால் காலனி அமைந்தது. 1963-இல், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு, நாளொன்றுக்கு 50,000 லிட்டர் கொள்ளளவில் அங்கே பால்பண்ணையும் எழுந்தது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் பால் நகருக்கு வந்தது. 1981-இல் மாநில இணையம் உருவாகி, ஆவின் வீட்டுப் பெயராயிற்று. இரண்டு மாடு வைத்திருந்த கிராமத்தாருக்கு நிலையான சந்தை கிடைத்தது. நகரத்து மாட்டுக்காரரிடம் மிஞ்சியது, கண்ணெதிரே கறந்த பால் என்ற நம்பிக்கை மட்டுமே.

உதவிய நியூசிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் ஒருவருடையது, மந்தை இன்னொருவருடையது. பால் வருமானத்தை இருவரும் பகிர்வர். மந்தைக்காரர் சேமித்துப் பின்னர் நிலமும் வாங்கலாம். மாட்டை வாரத்துக்கு விட்டுக் கன்றில் பங்கு காணும் நம் கிராம வழக்கத்தின் தூரத்து உறவு எனலாம். அமெரிக்காவிலோ, 2003-இல் சுமார் 70,000 ஆக இருந்த பால்பண்ணைகள் 2023-இல் 26,000 அளவுக்குச் சுருங்கின. பால் உற்பத்தி மட்டும் பெருகியது. சிறிய பண்ணையாளர் மறைந்து பெரிய மந்தைகள் நின்றன. உலகில் மிகுதியாகப் பால் தரும் இந்தியாவில் இன்னமும் பெரும்பாலோர் ஓரிரு மாடு வைத்திருப்பவர்களே.

இவர்கள் அனைவரையும் 'சுயதொழில் செய்வோர்' என்ற ஒரே கட்டத்தில் அடைக்கின்றன புள்ளிவிவரங்கள். சாணம் அள்ளித் தீவனம் வைக்கும் மனைவியும், கூலியில்லா உதவியாளராக, நம் நாட்டுக் கணக்கில் அதே கட்டத்துக்குள்தான் வருகிறார். ஆனால் வாரக்காரருக்கு மேய்ச்சல் நிலமாவது உண்டு. கிராமத்தாருக்குச் சங்கம் உண்டு. திருவொற்றியூர்க்காரருக்கு மாடு மட்டுமே சொந்தம். கட்டவும் மேய்க்கவும் இடமில்லை. அபராதம் மாட்டைத் தெருவிலிருந்து அகற்றலாம். அது எங்கே நிற்கும் என்பதை, மாதவரத்தில் ஒருமுறை யோசித்ததுபோல், மறுபடியும் யோசித்தாக வேண்டும்.