ஆசிரியர் ஒருவர் இட்ட மூலதனம்

புதிதாக ஒரு தொழிலைத் தொடங்க விரும்புகிறவனுக்கு முதலில் வேண்டுவது யாது என்று வினவினால், பணம் என்றே பலரும் விடையளிப்பர். பணம் உடையவரிடம் சென்று, அதனை யாருக்குக் கொடுப்பீர் என்று வினவினால், ஈடு காட்டுகிறவனுக்கே கொடுப்போம் என்பர். நிலமும் வீடும் நகையும் உள்ளவனுக்குக் கடன் எளிதிற் கிடைக்கும். கையிலே ஒரு கருத்தும் நெஞ்சிலே ஊக்கமும் அன்றி வேறொன்றும் இல்லாதவனுக்கு அது கிடைப்பதில்லை. உலக வழக்கு பெரும்பாலும் இதுதான். இந்த வழக்கை மாற்ற முயன்ற ஒருவரைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். அவர் பெருஞ்செல்வர் அல்லர். 1920-களின் இடையில் தொடங்கி 1966 வரை, போர்க்காலம் நீங்கலாக, வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஓர் ஆசிரியர். அவர் பெயர் ஜார்ஜ் டோரியோ.

டோரியோ 1899-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் மோட்டார் வண்டித் தொழிலின் தொடக்க நாட்களில் பெஜோ கம்பெனியில் பணியாற்றியவர். பின்னர்க் கூட்டாளிகளோடு சேர்ந்து தாமே வண்டிகள் செய்து விற்றவர். ஆகவே யந்திரங்களின் நடுவிலேயே மகன் வளர்ந்தார் எனலாம். முதல் உலகப் போரிற் பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் பணிபுரிந்த பின்னர், 1921-இல் அவர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியரானார். அவர் நடத்திய பாடத்தின் பெயர் 'பொருள் உற்பத்தி' என்பதாகும். ஆயினும் அவர் கற்பித்தது பெயரளவில் நின்றுவிடவில்லை. காலத்தைப் பேணுதல், உடன் உழைப்போரை மதித்தல், வெற்றி பெற்ற பின்னும் விழிப்போடிருத்தல் ஆகியவற்றையும் மாணவர் அவரிடம் கற்றனர். ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு கற்று வெளியேறினர்.

இரண்டாம் உலகப் போர் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. 1940-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற டோரியோ, அந்நாட்டுப் படையின் பண்டசாலைப் பிரிவிற் சேர்ந்து, ஆராய்ச்சிப் பணிக்குத் தலைமை தாங்கி, பிரிகேடியர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். கடுங்குளிரிலும் சேற்றிலும் போரிடும் வீரனுக்கு ஏற்ற செருப்பு எது, உடை எது, நெடுநாள் கெடாத உணவு எது என்பன அவர் முன் நின்ற வினாக்கள். விடை காணும் பொருட்டு விஞ்ஞானிகளையும் ஆலைக்காரர்களையும் ஒன்றுகூட்டினார். அமைதிக் காலத்திற் பல ஆண்டுகள் பிடிக்கும் காரியங்கள் சில மாதங்களில் நிறைவேறுவதைக் கண்டார். ஆராய்ச்சிக் கூடத்தில் உறங்கும் அறிவு, பணத்தின் துணையும் ஒருவர் தரும் ஊக்கமும் வாய்த்தால், உலகிற்குப் பயன்படும் பொருளாகிவிடும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

போர் முடிந்த காலத்திற் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த பகுதி ஒரு கவலையில் ஆழ்ந்திருந்தது. அப்பகுதியை வாழவைத்த நூல் ஆலைகளும் கம்பளி ஆலைகளும் ஒவ்வொன்றாய் மூடப்பட்டும், தென் மாநிலங்களுக்குப் பெயர்ந்தும் வந்தன. மறுபுறம், உயர்ந்த விஞ்ஞானக் கல்வி நிலையங்கள் அங்கேயே இருந்தன. பணமும் இல்லாமற் போகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் அறநிதிகளிலும் அது குவிந்து கிடந்தது. ஆனால் அந்தப் பணம் பழைய, உறுதியான கம்பெனிகளையே நாடிற்று; புதியவற்றை எட்டிப் பார்க்கவில்லை. இந்நிலையை உணர்ந்த சிலர், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன், பாஸ்டன் ரிசர்வ் பாங்கின் தலைவராக இருந்த ரால்ஃப் ஃபிளாண்டர்ஸ் முதலியோர், 1946-இல் 'அமெரிக்க ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். டோரியோ விரைவில் அதன் தலைவரானார். அதற்கு முன் புதுமைத் தொழில்களுக்குப் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் செல்வக் குடும்பத்தினர். இக்கழகமோ தன் பங்குகளைப் பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் விற்று மூலதனம் திரட்டியது. முதலில் திரண்டது சுமார் 35 இலட்சம் டாலர். எதிர்பார்த்ததிலும் அது குறைவே.

அக்கழகம் தொடக்கத்தில் ஆதரித்த தொழில்களுள் ஒன்று, உயர் மின்னழுத்த யந்திரங்களைச் செய்த ஒரு கம்பெனி. வான் டி கிராஃப் என்னும் விஞ்ஞானி கண்ட மின்னாக்கியை அடிப்படையாகக் கொண்டு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவும் எக்ஸ் கதிர் யந்திரங்களை அது செய்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஒரு கருவி மருத்துவமனைக்குச் செல்ல, இடையில் ஒரு பாலம் தேவைப்பட்டது. கழகத்தின் பணம் அப்பாலமாயிற்று.

டோரியோவின் கொள்கை எளியது. கருத்தைப் பார்ப்பதற்கு முன் மனிதனைப் பார்க்க வேண்டும் என்பதே அது. முதல்தரமான மனிதனிடம் இரண்டாந்தரமான கருத்து இருந்தாலும் தாழ்வில்லை. அவன் அதனைத் திருத்திக் கொள்வான். இரண்டாந்தரமான மனிதனோ முதல்தரமான கருத்தையும் கெடுத்துவிடுவான். இவ்வாறு அவர் கருதினார். பணம் கொடுத்த கம்பெனிகளைத் தம் குழந்தைகள் போலப் பேணினார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவுடன் அதனை விற்றுவிட எண்ணும் தாய் தந்தையர் உண்டோ? அதுபோலவே ஒரு கம்பெனி துன்பப்படும்போது கைவிடலாகாது என்பது அவர் எண்ணம். ஆசிரியத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு, இது வணிகரின் கணக்காகத் தோன்றவில்லை. வகுப்பிற் பின்தங்கிய மாணவனைப் பற்றி ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சாகவே தோன்றுகிறது.

1957-ஆம் ஆண்டு கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு இளம் பொறியியலாளர் கழகத்தை நாடி வந்தனர். அவர்கள் மாஸசூஸெட்ஸ் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆராய்ச்சிக் கூடத்திற் கணிப்பொறிகளோடு பழகியவர்கள். சிறிய, விரைவான, மனிதனோடு நேருக்கு நேர் வேலை செய்யும் கணிப்பொறியை உருவாக்க விரும்பியவர்கள். தொழில் நடத்திய அனுபவம் அவர்களுக்கு இல்லை. கழகத்தின் அலுவலர்கள் அவர்களுக்கு ஒரு விசித்திரமான அறிவுரை கூறினர்: விண்ணப்பத்திற் கணிப்பொறி என்ற சொல்லையே எழுதவேண்டாம் என்றனர். பெரிய கம்பெனிகளே அத்தொழிலில் நஷ்டப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. அச்சொல்லைக் கண்டால் இயக்குநர்கள் அஞ்சுவர். எனவே மின்னணு உறுப்புகளைச் செய்து விற்கும் கம்பெனி என்றே எழுதிக் கொடுத்தனர். கழகம் 70,000 டாலர் அளித்துப் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. 'டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் கார்ப்பரேஷன்' இவ்வாறு பிறந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எதிர்காலத்திற்கு மூலதனம் இட்டவர் என்று போற்றப்படும் அக்கழகத்தார், எதிர்காலத்தின் பெயரைத் தாளிற் காண விரும்பவில்லை! வரப்போவதை அவர்கள் முன்னறிந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் அறிந்தது வந்து நின்ற மனிதர்களின் தரத்தை மட்டுமே. அதுவே போதுமானதாயிற்று.

புதிய கம்பெனி மேனார்டு என்னும் சிற்றூரில், ஒரு பழைய கம்பளி ஆலையின் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்தது. தறிகள் ஓய்ந்த கூடத்தில் மின்னணுப் பலகைகள் உருவாயின. முதலில் உறுப்புகளை விற்று ஊதியம் கண்டனர். பின்னர், 1959-இல், தம் முதற் கணிப்பொறியைக் காட்டினர். 1965-இல் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் சிறு கணிப்பொறியின் விலை 18,000 டாலர். பெருங்கணிப்பொறிகளை வாங்க இயலாத ஆராய்ச்சிக் கூடங்களும் தொழிற்சாலைகளும் அதனை வாங்கின. சுமார் பதினைந்து ஆண்டுகளில், கழகம் இட்ட 70,000 டாலர் 35 கோடி டாலருக்கு மேற் பெருகியது. ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு. புதுமைக்குப் பணம் இடுதல் பித்தர் செயல் அன்று என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் தழைத்த துணிகர மூலதன முறைக்கு இது பெரியதொரு சான்றாயிற்று.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. அந்த ஒரு வெற்றியை நீக்கிப் பார்த்தால் கழகத்தின் ஏனைய ஆதாயம் மிகவும் சுருங்கிவிடும். கழகத்தின் பங்குகளைச் சந்தையில் வாங்கியோர், விதைத்த மறுநாளே விளைச்சலை எதிர்பார்த்தனர். பொதுமக்கள் பணத்தைக் காக்க வகுத்த அரசாங்க விதிகள் கழகத்தின் அலுவலர்களையும் கட்டுப்படுத்தின. தாம் வளர்த்த கம்பெனிகளின் உயர்விற் பங்குபெற அவர்களால் இயலவில்லை. திறமையுடையோர் விலகிச் சென்றனர். டோரியோவின் வலக்கை போன்றிருந்த வில்லியம் எல்ஃபர்ஸ் 1965-இற் பிரிந்து, சில கூட்டாளிகளின் பணத்தைக் கொண்டே இயங்கும் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த அமைப்பே பின்னர் எங்கும் பரவியது. பொறுமையைக் கற்பித்த கழகம், பொறுமையற்ற சந்தையின் நடுவே நெடுநாள் நிற்க முடியாமல், 1972-இல் டெக்ஸ்ட்ரான் என்னும் பெருங்கம்பெனியோடு இணைந்து மறைந்தது. டோரியோ 1987-இற் காலமானார்.

அவர் பெற்ற பிள்ளை போன்ற கணிப்பொறிக் கம்பெனியின் கதையும் அறியத்தக்கது. 1980-களில் உலகின் இரண்டாவது பெரிய கணிப்பொறிக் கம்பெனியாக அது விளங்கியது. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்தனர். ஆயினும், தனிமனிதன் மேசைமேல் வைத்துக்கொள்ளும் இன்னும் சிறிய கணிப்பொறிகள் வந்தபோது, பெரியவர்களைச் சிறியதால் வென்ற அதே கம்பெனி தயங்கி நின்றது. ஓல்சன் 1992-இல் விலகினார். 1998-இல், அத்தகைய சிறு கணிப்பொறிகளைச் செய்து வளர்ந்த காம்பாக் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. உலகில் எங்கோ ஒருவன், உன் பொருளைப் பழையதாக்கும் புதுப்பொருளைச் செய்து கொண்டிருக்கிறான் என்று டோரியோ தம் மாணவரை எச்சரிப்பதுண்டு. அவ்வெச்சரிக்கை அவர் வளர்த்த கம்பெனிக்கே பலித்தது.

இவ்வரலாற்றைப் படிக்கும் இளைஞர், ஐயாயிரம் மடங்கு என்ற எண்ணையே நினைவில் வைப்பர். அது இயல்பு. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னே, அனுபவமற்ற இருவர் ஒரு மேசையின் இப்புறம் நின்ற ஒரு நாள் இருந்தது. மேசையின் அப்புறம் இருந்தவர்கள், ஈடு என்ன இருக்கிறது என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. எதிர்காலத்தை அறிந்து சொல்லும் ஆற்றல் எவருக்கும் இல்லை, டோரியோவுக்கும் இல்லை. வந்து நிற்கிறவனை உற்றுநோக்கவும், நம்பியபின் காத்திருக்கவும் நம்மால் இயலும். அந்த இரண்டையும் அவர் கற்றது பங்குச் சந்தையில் அன்று, வகுப்பறையில்தான்.