விலகுதலும் விலக்குதலும்: மட்டாஞ்சேரி வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

"என் கருத்துகள் பிடிக்காதவர்கள் என்னைப் பின்தொடர்வதை நிறுத்திக்கொள்ளலாம்" என்னும் அறிவிப்பைச் சமூக ஊடகங்களில் அடிக்கடி காண்கிறோம். கல்விப்புலத்தாரும் இவ்வாறு எழுதுகின்றனர். இது நேர்மையா, செருக்கா என்னும் விவாதமும் உடன் எழுகிறது. பின்தொடர்தல் என்னும் உறவு நிலவிய இடங்களில் எல்லாம், அதை முறிக்கும் முறை பற்றிய கேள்வியும் இருந்திருக்கிறது. நான் ஆய்வு செய்துவரும் மட்டாஞ்சேரியின் வரலாற்றில் இதற்கு அழுத்தமான சான்று உண்டு.

முதலில் இத்தொடரின் இலக்கணத்தைக் காண்போம். தமிழில் 'விலகு', 'விலக்கு' ஆகியவை தன்வினை, பிறவினை இணைகள். விலகுபவர் தாமே செல்கிறார். விலக்குபவர் பிறரை அகற்றுகிறார். 'ஊர்விலக்கு' என்னும் சொல்லில் அகற்றும் அதிகாரம் ஊரிடம் இருப்பது வெளிப்படை. 'விலகிக்கொள்ளுங்கள்' என்பதோ வடிவில் தன்வினை. பயன்பாட்டில் பிறவினையை நெருங்குவது. 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பொறுப்பைக் கேட்பவர்மேல் ஏற்றுகிறது. அகற்ற விரும்புபவர் ஒருவர். அகன்றவராகக் கருதப்படுபவர் மற்றொருவர். இத்தொடர் தரும் சங்கடத்தின் வேர் இதுவே.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1599இல் கோவாவின் பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர் மாமன்றத்திற்குப் பின், மலபாரின் தோமா கிறித்தவர்கள் போர்ச்சுகீசிய ஆதரவுபெற்ற லத்தீன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். இயேசு சபை ஆயர்கள் அவர்களை வழிநடத்தினர். தங்கள் ஆயரைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் வழி அம்மக்களுக்கு இல்லை. 1652இல் அகத்தல்லா என்னும் கீழைத்திருச்சபை ஆயர் மயிலாப்பூரை அடைந்தார். அவரைத் தங்கள் மேய்ப்பராக ஏற்க மக்கள் ஆவலுற்றனர். போர்ச்சுகீசியரோ அவரைத் தடுத்துவைத்துக் கப்பலில் கோவாவுக்கு அனுப்பினர். கப்பல் கொச்சி வழியாக வருவதை அறிந்து மக்கள் திரண்டனர், அவரைக் காண அனுமதி கேட்டனர், கிடைக்கவில்லை. அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்னும் வதந்தி பரவியது.

1653 சனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட மக்கள், பேராயர் பிரான்சிஸ்கோ கர்சியாவுக்கும் இயேசு சபையாருக்கும் இனிப் பணிவதில்லை எனச் சூளுரைத்தனர். சிலுவையைத் தொட இயலாத அளவுக்குக் கூட்டம் பெருகியதால், அதில் கயிறுகளைக் கட்டி அவற்றைப் பற்றிக்கொண்டனர் என்பது மரபு. கயிறுகளின் இழுப்பில் சிலுவை வளைந்ததாம். அதனால் இது 'கூனன் குரிசு சத்தியம்' எனப்படுகிறது. சூளுரையின் துல்லியமான வாசகம் பற்றியும், அது உரோமையையும் மறுத்ததா என்பது பற்றியும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாரைப் பின்தொடர மறுத்தனர் என்பதில் மட்டும் ஐயமில்லை. அம்மறுப்பு வெளிப்படையாகவும் பெயர் சுட்டியும் கூறப்பட்டது. விலகியவர்கள் சிதறிப் போகவுமில்லை. ஒருவரிடமிருந்து அவர்களைப் பிரித்த கயிறு, அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்தது. அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் கைவைத்துத் தலைமைக் குருவாக இருந்த தோமாவை ஆயராக்கினர்.

மேற்கண்டது பின்தொடர்ந்தவர்கள் தாமே விலகிய வரலாறு. பின்தொடரப்பட்டவரே பிறரை விலகச் சொன்ன வரலாற்றின் தொடக்கம், அகத்தல்லா வந்திறங்கிய மயிலாப்பூருக்கு அருகிலுள்ள அடையாற்றில் இருக்கிறது. 1909இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனைக் கண்டு, வரவிருக்கும் உலக ஆசானுக்குரிய உடல் என அறிவித்தார். 1911இல் அவரை மையமாக வைத்து விண்மீன் சங்கம் தொடங்கப்பட்டது. 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓமன் நகரில், அன்னி பெசன்ட் அமர்ந்திருக்க, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் முன்னிலையில் கிருஷ்ணமூர்த்தி அச்சங்கத்தைக் கலைத்தார். தமக்குப் பின்தொடர்பவர்கள் வேண்டாம் என்றார். சங்கத்திற்கு அளிக்கப்பட்டிருந்த எயர்டே கோட்டையும் நிலங்களும் கொடையாளரிடமே திரும்பின. 1986இல் இறக்கும்வரை அவர் பேசினார். கேட்கவும் பலர் வந்தனர். எனினும் வந்தவர்கள் எந்தச் சங்கத்தின் உறுப்பினராகவும் வரவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தவை. ஆயினும் இரண்டிலும் பேசியவர்கள் எதை முறிக்கிறோம் என்பதை வரையறுத்தனர், அவையறியச் சொன்னார்கள், அதன் இழப்பைத் தாமே ஏற்றனர். கிருஷ்ணமூர்த்தி கோட்டையையும் பதவியையும் இழந்தார். தோமா கிறித்தவர்கள் தங்கள் ஒற்றுமையை இழந்தனர்: உரோமை அனுப்பிய கார்மெல் துறவியரின் முயற்சியால் ஒரு பெரும்பகுதியினர் பின்னர் உரோமையுடனான உறவுக்குத் திரும்ப, சமூகம் இரண்டாகப் பிரிந்தது. அப்பிரிவு இன்றும் நீடிக்கிறது.

நம் அறிவிப்புகளில் பெரும்பாலும் இல்லாதது இந்த இழப்புதான். பேசுபவர் எதையும் திருப்பித் தருவதில்லை. உடன்படுபவர்களை வைத்துக்கொண்டு, மாறுபடுபவர்களை மட்டும் வெளியேறச் சொல்கிறார். சம நிலையில் உள்ள இருவரிடையே இதில் பெரிய தீங்கில்லை. தம் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய எவருக்கும் உரிமை உண்டு. கல்விப்புலத்திலோ உறவுகள் சமமானவை அல்ல. நெறியாளரைப் பின்தொடரும் மாணவர், கருத்தரங்கு அறிவிப்புக்காகவும் பரிந்துரைக் கடிதத்துக்காகவும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டியவர். அவரிடம் "பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்" என்பது, 1653க்கு முன் மலபார் மக்களிடம் வேறு ஆயரைத் தேடிக்கொள்ளச் சொல்வதைப் போன்றது.

ஆகவே நாகரிகம் என்பது சொல்லின் மென்மையைப் பொறுத்ததன்று. கேட்பவருக்கு விலகும் வழி உண்டா, விலகியபின் அவருக்குரியது அவரிடம் இருக்குமா என்பதே அளவுகோல். இரண்டுக்கும் விடை 'ஆம்' எனில் 'விலகிக்கொள்ளுங்கள்' தன்வினை. இல்லையெனில், எத்தனை பணிவாக எழுதினாலும், அது விலக்குதான்.