பார்க்காமல் போட்ட கையெழுத்து

நமது இதழில் க்ஷேத்திர யாத்திரை, பண்டிகைப் பக்ஷணம், சங்கீதம் என்று பலரும் எழுதுகிறார்கள். அடியேனுக்குத் தெரிந்த விஷயம் சினிமா ஒன்றுதான். அறுபது வருஷமாகப் படம் பார்த்து வருகிறேன். "உங்களுக்கு எக்காலத்திலும் பிடித்த படங்கள் எவை?" என்று பேரன் கேட்டபோது நான்கு பெயர்கள் சொன்னேன். அந்த நான்கிலும் எல்லையோரத்து வாழ்க்கை ஏதோ ஒரு விதத்தில் கலந்திருக்கிறது. ஒன்றில் என் தவறும் கலந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாலக்காட்டுக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு எல்லை என்பது நடு வயதில் வந்த விருந்தாளி மாதிரி. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அன்றைக்குக் கேரள மாநிலம் பிறந்தது, வாளையாறு எல்லையாயிற்று. தெற்கே திருவிதாங்கூரில் தமிழர் நிறைந்த தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று கிளர்ச்சி நடந்தது. கன்யாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் கிடைத்தன. அந்த இரண்டும் கேரளத்திலேயே நின்றன. 1972-ல் அவை புதிய இடுக்கி ஜில்லாவில் சேர்ந்தன.

சினிமாவுக்கு இந்தக் கோடுகள் தெரியாது. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938-ல் சேலத்தில், டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவானது. எதிர்த் திசையில் நம் மண்ணிலிருந்து போனவர்களும் உண்டு. எம்.ஜி.ஆரின் குடும்பத்துப் பூர்வீகம் பாலக்காட்டு வடவன்னூர். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-ல் பிறந்தது எலப்புள்ளியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார்.

என் பட்டியலின் முதல் படமும் அவர் இசையமைத்ததுதான்: ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. எனக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் ஆத்தில் சினிமா என்றாலே அப்பாவுக்கு ஆகாது. பாட்டிதான் துணை. படத்தில் பாலையா ஏற்ற எஸ்டேட் முதலாளியின் பெயர் விஸ்வநாதன். இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி. கல்பாத்தியில் எங்கள் ஸ்வாமியும் விஸ்வநாதர். "ஸ்வாமி பேரை வெச்சிருக்கான், படம் மோசமா இருக்காது" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிக் காசும் கொடுத்தாள்.

படத்தின் பெரும் பகுதி எங்களுக்கு அடுத்த ஊர் போன்ற பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறில் எடுக்கப்பட்டது. வண்ணத்தில் அந்த அணையும் மலையும் திரையில் வந்தபோது, தினம் பார்க்கும் மலைக்கு யாரோ பட்டுப் புடவை கட்டிவிட்டாற்போல் இருந்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் நோகடிக்காமல் இரண்டரை மணி நேரம் சிரிக்க வைத்த படம் அது. நல்ல சினிமா என்றால் அவ்வளவுதான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது இரண்டாவது படம், 1973-ல் வந்த 'நிர்மால்யம்'. பாலக்காடு ஜில்லா கூடல்லூரில் பிறந்த எம்.டி. வாசுதேவன் நாயர், தம்முடைய சிறுகதையைத் தாமே முதல் முறையாக இயக்கி எடுத்த படம். அவ்வருஷத்தின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதும், வெளிச்சப்பாடாக நடித்த பி.ஜே. ஆண்டனிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன.

பகவதி கோயிலில் அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு. கோயிலுக்கு வருமானமில்லை, ஆத்தில் அரிசியில்லை. ஆனாலும் ஊரில் அம்மை கண்டபோது உற்சவம் நடத்தியே தீர வேண்டும் என்று வீடு வீடாக அலைகிறார். உற்சவத்தன்று, கடன் கொடுத்தவன் தம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்க்கிறார். குடும்பம் பசிக்கு என்ன விலை கொடுத்தது என்று அப்போது அவருக்குப் புரிகிறது. அன்றிரவு ஆவேசமாக ஆடி, வாளால் நெற்றியை வெட்டிக்கொண்டு, வாயில் வழிந்த ரத்தத்தை அம்பாளின் விக்கிரகத்தின் மேலேயே உமிழ்ந்து விழுகிறார்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆத்துக்கு வந்ததும் திண்ணையில் அப்பா. "மூஞ்சி என்னத்துக்கு இப்படி இருக்கு? என்ன கதை, பறை" என்றார். பயந்துகொண்டே முழுக் கதையும் சொன்னேன், கடைசிக் காட்சி உட்பட. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

காரணம் உண்டு. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்து, பாட்ட நிலமெல்லாம் குடியானவர்களுக்குப் போயிற்று. உழுதவனுக்கு நிலம் என்பது நியாயமே. ஆனால் பாட்ட நெல்லை நம்பியிருந்த கிராமங்களும் கோயில்களும் தள்ளாடின. ஆத்துக்கு ஒரு பையன் பம்பாய்க்கோ மதராஸுக்கோ ரயிலேறினான். அப்பா கடைசியில் சொன்னார்: "அவன் பொய்யொண்ணும் பறையலை. நம்ம கோயில்லயும் நைவேத்யத்துக்கு அரிசி இல்லாத நாள் வந்தாச்சு."

சினிமாவே ஆகாது என்ற மனுஷர், படத்தைப் பார்க்காமலேயே அதற்கு நியாயம் செய்தார். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனென்றால் அடுத்தது என் முறை. நான் செய்தது நேர் எதிர்.

மூன்றாவது படம் 'அக்ரஹாரத்தில் கழுதை', 1977. இயக்கியவர் குட்டநாட்டுக்காரரான ஜான் ஆபிரகாம். பூனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் சிஷ்யர். எழுதியவர் வெங்கட் சாமிநாதன். அவ்வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். ஆனால் பிராமண அமைப்புகள் பல எதிர்த்தன. விருது பெற்ற படங்களைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பி வந்த நாளில் இந்தப் படமும் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. நான் அப்போது அங்கம் வகித்த ஒரு சங்கத்தில் கண்டனக் கடிதம் தயாராயிற்று. தலைப்பைக் கேட்டதுமே எனக்கு ரத்தம் கொதித்தது. காகிதம் என்னிடம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். படத்தை நான் பார்த்ததில்லை. எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததாக எனக்கு ஓர்மையில்லை. படம் கடைசியில் ஒளிபரப்பாகவில்லை. ஜயித்துவிட்டோம் என்று காபி சாப்பிட்டோம்.

பல வருஷம் கழித்துப் பேரன் தன் மடிக்கணினியில் அதைப் போட்டுக் காட்டினான். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்று ஒரு பேராசிரியர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அவர் பிராமணர், மனம் இளகி வளர்க்கிறார். கல்லூரியில் பரிகாசம் தாங்காமல் குட்டியைத் தம் கிராமத்து அக்ரஹாரத்தில் விடுகிறார். வாய் பேசாத ஓர் ஏழைப் பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். கடைசியில் அடித்தே கொல்கிறார்கள். பிறகு நல்லது சில நடக்கவே, அதற்கே கோயில் கட்டலாம் என்கிறார்கள். முடிவில் அக்ரஹாரம் தீயில் எரிகிறது. பேராசிரியரும் அந்தப் பெண்ணும் மிஞ்சுகிறார்கள்.

வசவை எதிர்பார்த்து உட்கார்ந்தேன். கிடைத்தது ஜீவகாருண்யம். வாயில்லா ஜீவனிடம் இரக்கம் காட்டுபவரும் நம்மவர்தான், கல்லெடுப்பவர்களும் நம்மவர்தான். நீ எந்தப் பக்கம் என்று படம் கேட்கிறது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன். குறைந்த பணத்தில் எடுத்தது தெரிகிறது. சில இடங்கள் இழுக்கின்றன. எரியும் அக்ரஹாரம் இன்றும் என்னை நோகச் செய்கிறது. நோகக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் பழைய கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். பேரன் கேட்டான்: "தாத்தா, பார்த்துட்டுத்தானே போட்டேள்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம்மைப் பற்றி வெளியாள் ஏன் பேச வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பழைய சரித்திரம் சொல்கிறேன். 1939-ல் கே. சுப்ரமணியம், கல்கியின் கதையான 'தியாகபூமி'யைப் படமாக்கினார். புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்குத் தம் ஆத்தில் இடம் கொடுத்ததற்காக ஊரார் தள்ளிவைக்கும் சம்பு சாஸ்திரியின் கதை அது. சாஸ்திரியாக நடித்தவர், நாம் நவராத்திரிக்கு நவராத்திரி பாடும் கீர்த்தனைகளை இயற்றிய பாபநாசம் சிவன். எழுதியவரும் எடுத்தவரும் நடித்தவரும் நம்மவர்களே. படத்துக்குத் தடை போட்டது ஆங்கிலேய சர்க்கார். நம்மை நாமே கேள்வி கேட்பது நமக்குப் புதிதல்ல. நடுவில் மறந்துபோனோம், அவ்வளவுதான்.

நான்காவது படம் என்னை இடுக்கிக்கு அழைத்துப் போயிற்று. எண்பதுகளில் வங்கி வேலையாகக் குமுளியில் சில வருஷம் இருந்தேன். ஒரே தெருவில் இரண்டு மாநிலம். செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மலையிறங்கிக் கம்பத்தில் படம் பார்த்துத் திரும்புவேன். காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் பெண்கள் ஏலத் தோட்டத்துக்கு வருவதையும், பொழுது சாய்ந்ததும் திரும்புவதையும் தினம் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? ஏலக்காய் வியாபாரிகளின் கடன் தாள்களைத்தான் பார்த்தேன்.

2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் அந்த ஜனங்களே கதை. அதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசை. தயாரிப்பு விஜய் சேதுபதி. துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதற்காக மலைப் பாதையில் ஏல மூட்டை சுமக்கும் ரங்கசாமியின் கதை. ஒரு நாள் கடனுக்கு வாங்கிய மூட்டை கைதவறிப் பள்ளத்தில் உருண்டு, காய்கள் சிதறிப் போகின்றன. பிற்பாடு நிலம் கிடைத்தும் கடனில் கைவிட்டுப் போகிறது. கடைசியில் அதே மண்ணில் நட்ட காற்றாலைக்கு அவரே காவல்காரர். அந்த மூட்டை உருண்டபோது, என் மேஜை மேல் இருந்த தாள்களுக்குப் பின்னால் எத்தனை முதுகுகள் இருந்தன என்று முப்பது வருஷம் தாமதமாகப் புரிந்தது.

இதுதான் என் பட்டியல். ஒன்று சிரிக்க வைத்தது. மற்ற மூன்றும் நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத எதையோ காட்டின. உங்கள் பட்டியலில் 'கழுதை' இடம்பெற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். அதை மரியாதையோடு படிப்பேன். ஆனால் இனி எந்தப் படத்துக்காவது, எந்தப் புத்தகத்துக்காவது கண்டனக் காகிதம் உங்கள் கைக்கு வந்தால், கொண்டு வந்தவரிடம் "நீங்கள் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.