தரைப்பாலம் கடக்கும் பிக்கப் வண்டி: கியர் ஆயிலில் தண்ணீர் கலக்காமல் இருக்க பிரீதர் குழாயை உயர்த்துவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல கிராமங்களுக்குத் தரைப்பாலம்தான் ஒரே வழி. பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்களும், பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றுத் தரைப்பாலங்களும் மூழ்குவது திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குப் பழகிப்போன ஒன்று. வெள்ளம் வடிந்து, முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் நாட்களில் காய்கறி, நெல், தீவனம் ஏற்றிய பிக்கப் வண்டிகள் அதில் இறங்கித்தான் கரையேறுகின்றன.

அப்படிக் கடந்த வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பின் அச்சில் 'ஊம்' என்ற இரைச்சல் கேட்கும். பிரித்துப் பார்த்தால் கிரவுன் பினியனும் பேரிங்கும் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம், கியர் ஆயிலில் கலந்த தண்ணீர். ஒரு சாதாரண ரப்பர் குழாயை வைத்தே இதைத் தடுக்கலாம்.

பிரீதர் என்பது என்ன?

பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பெட்டியை மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்றும் 'டிஃபரன்ஷியல்' என்றும் சொல்வார்கள். அதற்குள் கொஞ்சம் ஆயிலும் மீதி இடத்தில் காற்றும் இருக்கும். வண்டி ஓடும்போது பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். அதனால் அச்சின் மேல்பக்கத்தில் ஒரு சிறிய மூச்சுத்துளி வைத்திருப்பார்கள். அதன் மேல் தொப்பி போன்ற மூடி இருக்கும். இதுதான் பிரீதர்.

கியர்பாக்ஸிலும் இதுபோல ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன் அச்சிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலும் தனித்தனியாக இருக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

பாரம் ஏற்றி 30, 40 கிலோமீட்டர் ஓடிவந்த வண்டியின் கிரவுன் பெட்டி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதே சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். அந்த நேரத்தில் பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால், இழுக்கப்படுவது தண்ணீர்தான்.

ஒரு கணக்கு பாருங்கள். உள்ளே 3 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 டிகிரி சூட்டிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால் அந்தக் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அதாவது 400 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து இழுக்கும். தண்ணீரிலேயே நின்று முழுவதும் ஆறிவிட்டால் இந்த அளவு வரை உள்ளே போகலாம். சில நிமிடத்தில் கடந்துவிட்டாலும் அதில் ஒரு பங்கு போகும். கியர் ஆயிலைக் கெடுக்க அதுவே போதும்.

சில பிரீதர்களில் காற்றை வெளியே மட்டும் விடும் மூடி இருக்கும். அதை நம்பியும் இருக்க முடியாது. மூடி அடைத்துக்கொண்டால், உள்ளே ஏற்படும் இழுவை ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் சீல் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீரை அது முழுமையாகத் தடுக்காது.

ஆற்றைக் கடக்காதவர்களுக்கும் இது பொருந்தும். ஓடிவந்த சூட்டோடு வண்டியை வாய்க்காலிலோ ஏரியிலோ இறக்கிக் கழுவுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

தேவையான பொருட்கள்

• ஆயிலும் சூடும் தாங்கும் ரப்பர் டீசல் ஹோஸ், உள் அளவு 6 முதல் 8 மில்லிமீட்டர். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். சூட்டில் இளகி மடங்கி, பிறகு காய்ந்து வெடித்துவிடும்.
• பழைய பிரீதரின் மரைக்குப் பொருந்தும் ஹோஸ் நிப்பிள். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். பழைய பிரீதரைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். அதுவரை துளையைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள்.
• ஹோஸ் கிளாம்ப், கேபிள் டை.
• மேல் முனையில் மாட்ட, இருசக்கர வாகனத்தின் சிறிய பெட்ரோல் ஃபில்டர் ஒன்று. தூசி உள்ளே போகாமல் தடுக்கும்.

எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். சில வண்டிகளில் அச்சிலிருந்து சேஸிஸ் வரை கம்பெனியே சிறிய குழாய் போட்டிருக்கும். அதை நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டுவதைவிட, முழு நீளத்துக்கு ஒரே குழாயாக மாற்றுவது நல்லது. வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செய்முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அச்சு நன்றாக ஆறட்டும்.

2. பிரீதரைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தபிறகே கழற்றுங்கள். மண் உள்ளே விழுந்தால் தண்ணீரைவிடக் கேடு.

3. நிப்பிளை முதலில் கையால் திருகி மரை பிடித்ததா என்று பாருங்கள். பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள். டேப் துணுக்கு உள்ளே விழக்கூடாது.

4. ஹோஸை நிப்பிளில் செருகி கிளாம்ப் போடுங்கள். அங்கிருந்து சேஸிஸ் வரை கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு ஒரு பக்கம் நன்றாகத் தாழும். ஹோஸ் இறுக்கமாக இருந்தால் பிடுங்கிக்கொள்ளும். பிரேக் ஹோஸ் எவ்வளவு தளர்வாக விடப்பட்டிருக்கிறதோ அதையே அளவாகக் கொள்ளலாம்.

5. சேஸிஸிலிருந்து மேலே போகும் வழியில் ஹோஸ் சைலன்சர் குழாயையோ, ப்ரொபெல்லர் ஷாஃப்டையோ, பட்டை ஸ்பிரிங்கையோ தொடக்கூடாது. எங்கும் தொட்டில் போலத் தொங்காமல் மேல்நோக்கியே போக வேண்டும். தொங்கும் இடத்தில் ஆயில் தேங்கி மூச்சை அடைத்துவிடும். கேபிள் டையை ஹோஸ் நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

6. மேல் முனையைக் கேபினுக்குப் பின்னால், பாரத் தட்டின் முன் தடுப்பில் உயரமாகக் கட்டுங்கள். இன்ஜினின் ஏர் ஃபில்டர் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குக் குறையாமல் இருக்கட்டும். முனையைக் கொக்கி போலக் கீழ்நோக்கி வளைத்து ஃபில்டரை மாட்டினால் மழைத்தண்ணீர் இறங்காது.

7. கியர்பாக்ஸுக்கும் இதேபோலத் தனிக் குழாய் போடுங்கள். 'டி' இணைப்புப் போட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். இரண்டிலும் இருக்கும் ஆயில் வேறு வேறு ரகமாக இருக்கலாம்.

8. கடைசியாக இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, மேல் முனையில் வாயால் மெதுவாக ஊதுங்கள். நுரை வந்தால் அங்கே காற்று கசிகிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் குழாய் போட்டும் பயனில்லை.

குழாய் போடும்வரை என்ன செய்வது?

தண்ணீரில் இறங்கும் முன் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி கிரவுன் பெட்டியை ஆறவிடுங்கள். கை வைத்துத் தாங்கும் சூடாக இருந்தால் இழுவை வெகுவாகக் குறையும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரீதருக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

தண்ணீர் கலந்துவிட்டதா என்று அறிவது எப்படி?

கடந்த மறுநாள் காலையில், வண்டியை ஓட்டாமல் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கலக்காத தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். அடி பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்ச் சொட்டு வரும். வந்தால் அந்த ஆயிலை மாற்றிவிட வேண்டும். சொட்டு வராவிட்டாலும் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் நன்றாகவே கலந்துவிட்டது என்று பொருள்.

அந்த ஆயிலோடு மேலும் ஓட்டாதீர்கள். முழுவதும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ரக ஆயிலை ஊற்றிச் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி மறுபடி பாருங்கள். வெளுப்பு தெரிந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள். ஒரு கிரவுன் பினியன் செட்டோடு பார்த்தால் இரண்டு முறை ஆயில் மாற்றும் செலவு சிறியதுதான். ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு வரை மட்டுமே நிரப்புங்கள். அதிகமானால் பிரீதர் வழியாக வெளியேறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீல் மாற்றியும் திரும்பத் திரும்ப ஆயில் கசிந்தால், அடுத்த சீல் வாங்கும் முன் பிரீதர் சேற்றால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சேற்றுழவு செய்யும் டிராக்டரிலும் டிரான்ஸ்மிஷனுக்குப் பிரீதர் உண்டு. அது இருக்கும் இடத்தைக் கையேட்டில் பார்த்து, உழவுப் பருவத்துக்கு முன் சுத்தம் செய்து, ஆயில் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழாய் எதைக் காப்பாற்றாது?

பிரீதர் குழாய் ஆயிலை மட்டுமே காக்கும். சக்கர பேரிங் கிரீஸ், பிரேக் டிரம், கிளட்ச், மின் இணைப்பு எதற்கும் இதனால் பாதுகாப்பு இல்லை. கரையேறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பல முறை மிதித்துக் காய வையுங்கள். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீரின் ஓட்டம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரும்பாலான கார்களையும், 60 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் பிக்கப் போன்ற வண்டிகளையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலை சேவை எச்சரிக்கிறது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் பாலம் அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. குழாய் போட்டாயிற்று என்ற தைரியத்தில், தடுப்பு வைத்த பாலத்திலோ சுழித்து ஓடும் வெள்ளத்திலோ வண்டியை இறக்காதீர்கள். தண்ணீர் வடியும்வரை காத்திருங்கள், அல்லது சுற்றுவழியில் போங்கள். தேங்கி நிற்கும், ஆழம் தெரிந்த, கையேட்டில் அனுமதித்த அளவுக்குள் இருக்கும் தண்ணீருக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. மழை தொடங்கும் முன் ஒரு அரை நாள் ஒதுக்கி இதைச் செய்துவிட்டால், அறுவடைக் காலத்தில் வண்டி பட்டறையில் நிற்கும் நிலை வராது.