போன்ல இல்லாத மேட்ச்

பொங்கல் லீவுக்கு மகளும் பேத்தியும் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க. பேத்திக்கு ஏழு வயசு. போன தடவை வந்தப்ப கன்னுக்குட்டி பின்னாடியே சுத்திட்டு இருந்தவள், இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "அப்புச்சி, இங்க கிரிக்கெட் விளையாட இடம் இருக்குங்களா?"

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம்ம பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக்கோப்பை வாங்கினாங்க இல்லையா, அன்னிக்கு ராத்திரி தூங்காம உக்காந்து பாத்தாளாம். ஷஃபாலி வர்மா 87, தீப்தி சர்மா அஞ்சு விக்கெட்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். அன்னியிலிருந்து வீட்டில் ஒரே கிரிக்கெட்தானாம்.

இடத்துக்கா பஞ்சம்? மஞ்சக்காட்டை ஒட்டிக் களம் சும்மாத்தான் கிடக்கு. தென்னமட்டையைச் செதுக்கி பேட் ஆக்கினேன். மரவள்ளிக் குச்சி மூணை நட்டு ஸ்டம்ப். பந்து மட்டும் அவளே கொண்டு வந்திருந்தாள்.

சாயந்திரம் விளையாடி முடிச்சுக் கட்டில்ல உக்காந்திருக்கும்போது, கபில்தேவ் ஜிம்பாப்வேயை அடிச்ச 175 பத்திச் சொன்னேன். கண்ணை விரிச்சுக் கேட்டவள், உடனே என் போனை எடுத்து நீட்டினாள். "காட்டுங்க அப்புச்சி."

"அது இல்லையே கண்ணு. அந்த மேட்சை யாரும் படம் பிடிக்கலை."

"வீடியோ இல்லைன்னா அது நெஜமா நடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

பாக்கலை. அந்த மேட்ச்னு இல்லை, சின்ன வயசில் நான் உயிரா நினைச்ச எந்த மேட்சையும் நான் பாத்ததே இல்லை. எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுதான். இதை ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படி விளக்குறதுன்னு யோசிச்சப்ப, எனக்கே பழசெல்லாம் ஒண்ணொண்ணா மேல வந்துச்சு. அதைத்தான் இங்கே எழுதறேன்.

எனக்கும் அவள் வயசில்தான் இந்தப் பித்து பிடிச்சது. 1975 ஜனவரி, பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸோட டெஸ்ட். எங்க அம்மா கூடப் பிறந்த மாமன் ஒருத்தர் வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தது. அப்பல்லாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. வருசா வருசம் தபாலாபீசில் பணம் கட்டணும். அதனால ஊருக்கு நாலஞ்சு வீட்டில்தான் ரேடியோ இருக்கும். மாமன் திண்ணையில் அதை வச்சு, காது ஓரமாச் சாஞ்சு உக்காந்திருந்தார். ரேடியோ இங்கிலீஷில் பேசும். மாமன் தமிழில் சொல்லுவார். ஆண்டி ராபர்ட்ஸ்னு ஒருத்தன் புயல் மாதிரிப் பந்து போடறான், நம்மாளுங்க ஒவ்வொருத்தரா வெளியே போறாங்க, குள்ளமா ஒருத்தர் மட்டும் நிக்கறார், அவர் பேர் விஸ்வநாத்.

இந்தியா 190-க்கு ஆல் அவுட். ராபர்ட்ஸ் ஏழு விக்கெட். விஸ்வநாத் 97 ரன்னோட அவுட் ஆகாம நின்னார். கூட நிக்க ஆள் இல்லாததால மூணு ரன் குறைஞ்சு போச்சு. "நூறு அடிச்சிருக்கக் கூடாதா மாமா"ன்னு நான் அழுததா இன்னைக்கும் சொல்லுவாங்க. கடைசியில் அந்த மேட்சை இந்தியா 100 ரன்னில் ஜெயிச்சது. பொங்கல் கரும்பைவிட எனக்கு அதுதான் இனிப்பா இருந்தது.

பொங்கல் நம்ம பண்டிகை, உழவன் பண்டிகை. அதுக்கும் சேப்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு ரொம்ப நாள் எனக்குப் புரியலை. பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை 1846-ல் வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சாங்க. சேப்பாக்கம் அவங்க மைதானம். அதில் நம்மாளுக்கு இடம் கிடையாது. புச்சி பாபு நாயுடுன்னு ஒரு வசதியான மனுஷர், நம்மாளுங்களும் ஆடணும்னு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்கார அணியோட நம்ம அணி மோதணும்கிறது அவர் ஆசை. 1908-ல் அவர் காலமாயிட்டார். ஆனா 1915–16-ல் இருந்து ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம்னு பிரசிடென்சி மேட்ச் வருசா வருசம் நடந்தது. பொங்கல் விடுமுறையை ஒட்டி வைப்பாங்க. பொங்கல் மேட்ச்ன்னே அதுக்குப் பேர் ஆயிருச்சு. சுதந்திரம் வந்து சில வருசத்தில் அது நின்னு போச்சு. ஆனா பொங்கல்னா சேப்பாக்கத்தில் கிரிக்கெட்ங்கிற பழக்கம் நிக்கலை, டெஸ்ட் மேட்சுக்கு மாறிருச்சு. 1982 பொங்கலுக்கு இங்கிலாந்தோட விஸ்வநாத் 222. 1988 பொங்கலுக்கு ஹிர்வானி தன்னோட முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட்.

1932-ல் முதல் டெஸ்ட் ஆடின இந்தியா, முதன்முதலா ஒரு டெஸ்டை ஜெயிச்சது இருபது வருசம் கழிச்சு 1952 பிப்ரவரியில். அதுவும் இதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்தைத்தான். வினூ மன்கட் ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்தார். வெள்ளைக்காரங்க வேலி போட்டு வச்ச இடத்திலேயே அவங்களை ஜெயிச்சது சும்மா இல்லைன்னு மாமன் சொல்லுவார்.

ஆனா அந்த ஆட்டத்தை எங்க காடு வரைக்கும் கொண்டு வந்தது ரேடியோதான். எண்பதுகளில் சென்னையில் மேட்ச் நடந்தா வானொலியில் தமிழ் வர்ணனை வரும். ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலெல்லாம் கேட்டவங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ் தெரியாத மாடு மேய்க்கிற பையனும், மஞ்சக்காட்டில் களை எடுக்கிற ஆளும் ஸ்கோர் என்னன்னு பேச ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் மாமன் மாதிரி படிச்சவங்க யாராவது மனசு வச்சாத்தான் எங்களுக்கு மேட்ச்.

1986 செப்டம்பர் 22, திங்கக்கிழமை. பத்தாவது முடிச்சுட்டுக் காட்டு வேலைக்கு வந்துட்டேன். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோட டெஸ்ட், கடைசி நாள். முதல் இன்னிங்ஸில் அந்த வெயிலில் வாந்தி எடுத்துட்டே டீன் ஜோன்ஸ் 210 அடிச்ச மேட்ச். ஆஸ்திரேலியா 574 போட்டுட்டு டிக்ளேர் பண்ணினாங்க. கபில் 119 அடிச்சு ஃபாலோ ஆன்ல இருந்து காப்பாத்தினார். கடைசி நாள் நமக்கு 348 வேணும். கவாஸ்கர் 90 அடிச்சுட்டுப் போனார்.

அன்னிக்கு மஞ்சளுக்குத் தண்ணி கட்ட வேண்டியது நான். மம்பட்டியை வரப்பில் குத்தி வச்சு, பக்கத்தில் ரேடியோவை வச்சுட்டுக் கேட்டுட்டு இருந்தேன். மடை மாத்த மறந்தே போச்சு. பாத்தி நிறைஞ்சு, வரப்பு உடைஞ்சு, தண்ணி பக்கத்துப் பங்காளி கடலைக்காட்டுக்குள்ள பாய்ஞ்சிருச்சு. பிடுங்கறதுக்கு நாள் பாத்துட்டு இருந்த கடலை.

எங்க ஐயன் தூரத்திலிருந்தே கத்திக்கிட்டு வந்தார். கிரிக்கெட்னாலே அவருக்கு ஆகாது. வேலை வெட்டி இல்லாதவன் பொழப்புன்னு சொல்லுவார். வந்து மம்பட்டியைப் புடுங்கி, அவரே மடையை அடைச்சார். அடி விழும்னு நின்னுட்டு இருந்தேன். விழலை. ரேடியோவில் சத்தம் அப்படி. "என்னடா கூப்பாடு?"ன்னார். கடைசி ஓவருங்க, நாலு ரன் வேணும், ஒரு விக்கெட்தான் பாக்கின்னு சொன்னேன். என்ன நினைச்சாரோ, சேத்துக் காலோட வரப்பில் உக்காந்துட்டார்.

ரவி சாஸ்திரி ஒரு ரெண்டு, ஒரு ஒண்ணு எடுத்து ஸ்கோரைச் சமன் பண்ணினார். மூணு பந்தில் ஒரே ஒரு ரன் வேணும். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் கிரெக் மேத்யூஸ் எல்பிடபிள்யூ எடுத்துட்டார். 347-ல் ஆல் அவுட். டை. டெஸ்ட் வரலாற்றிலேயே அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் அப்படி ஆகியிருந்தது, 1960-ல் பிரிஸ்பேனில்.

"யாருடா ஜெயிச்சா?"ன்னார் ஐயன்.

"யாருமே இல்லைங்க."

"அஞ்சு நாள் வெயில்ல நின்னு யாருக்கும் இல்லையா?" கொஞ்ச நேரம் ரேடியோவையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் எந்திரிச்சு, "கடலைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ வாயைத் தொறக்காதே"ன்னு சொல்லிட்டுப் போனார். அவரும் நானும் சேந்து கேட்ட ஒரே மேட்ச் அதுதான். இப்ப அவர் இல்லை.

இதெல்லாம் சொன்னப்புறம் பேத்தி விடலை. "கபில்தேவ் கதைக்கு வாங்க அப்புச்சி."

சரின்னு களத்திலேயே நடத்திக் காட்டினேன். 1983 ஜூன் 18. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ்னு சின்ன ஊர். பிபிசி வேலைநிறுத்தம், அதனாலதான் கேமரா இல்லைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. ஒன்பது ரன்னுக்கு நாலு விக்கெட். பதினேழுக்கு அஞ்சு. தோத்தா உலகக்கோப்பையே போச்சுங்கிற நிலைமை. அங்கிருந்து கபில் 138 பந்தில் 175, அவுட் இல்லை. பதினாறு ஃபோர், ஆறு சிக்ஸ். கடைசியில் கிர்மானி 24 அடிச்சு துணைக்கு நின்னார். ரெண்டு பேரும் பிரியாமலே 126 சேத்தாங்க. அறுபது ஓவரில் 266. முப்பத்தொரு ரன்னில் ஜெயிச்சோம். ஒரு வாரம் கழிச்சு லார்ட்ஸில் 183 ரன்னை வச்சுக்கிட்டு வெஸ்ட் இண்டீஸை 140-ல் சுருட்டிக் கோப்பை வாங்கினோம்.

"மைதானத்தில் இருந்தவங்க பாத்தாங்க. அவங்க சொன்னாங்க, பேப்பரில் வந்துச்சு, டீக்கடையில் ஒருத்தர் சத்தமாப் படிச்சார், நான் கேட்டேன். இப்ப நீ கேட்டிருக்கே. அப்படித்தான் தெரியும் கண்ணு."

இதையெல்லாம் என் மகள் வாசப்படியில் உக்காந்து கேட்டுட்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னாள்: "நல்லாத்தான் சொல்றீங்கப்பா. எனக்கு ஒரு நாள் இதைச் சொல்லியிருப்பீங்களா?"

சிரிச்சுட்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அவள் சின்னவளா இருந்தப்ப வீட்டுக்கு டிவி வந்திருச்சு. மேட்ச் அன்னிக்கு ஊர்ப் பசங்கெல்லாம் நம்ம வீட்டில்தான். நான் நடுவில் உக்காந்து ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லுவேன். மகள் எட்டிப் பாத்தா, "அம்மிணி, தண்ணி கொண்டா, அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு"ன்னு அனுப்பி வைப்பேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குன்னு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லணும்னு அவசியமும் இல்லை. கிளப்புக்குள்ள விடாத வெள்ளைக்காரனைப் பத்தி வக்கணையாப் பேசற நான், என் வீட்டில் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு பாருங்க.

மெட்ராஸில் பிறந்த சாந்தா ரங்கசாமி கேப்டனா இருந்து, 1976 நவம்பரில் பாட்னாவில் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கினாங்க. விஸ்வநாத்தோட 97-க்கு அழுத எனக்கு அது தெரியவே தெரியாது. யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. 2013 உலகக்கோப்பையில் சென்னைப் பொண்ணு திருஷ் காமினி செஞ்சுரி அடிச்சாங்க. உலகக்கோப்பையில் செஞ்சுரி அடிச்ச முதல் இந்தியப் பெண் அவங்கதான். அதுவும் எனக்குப் பேத்தி வந்தப்புறம் தேடிப் படிச்சதுதான். அதுக்கெல்லாம் போன்ல இருக்கு. நான்தான் பாக்கலை.

மாட்டுப் பொங்கல் அன்னிக்குச் சாயந்திரம் மறுபடியும் ஆடினோம். பேத்தி அவுட் ஆனதும் மட்டையை வாங்கி மகள்கிட்ட நீட்டினேன். "எனக்கு எதுக்குப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னாள். பேத்தி விடுவாளா? "இடது காலை முன்னாடி வைங்கம்மா, பந்தைப் பாருங்க"ன்னு அவளே சொல்லிக் குடுக்கறாள்.

என் ஐம்பத்தெட்டு வயசில், முப்பது தாண்டின மகளுக்கு முதல் பந்து போட்டேன். மெதுவாத்தான் போட்டேன். அவள் போட்ட போட்டில் அது களத்தைத் தாண்டி, காஞ்ச மஞ்சத் தாளுக்குள்ள போய் விழுந்தது. மூணு பேரும் இருட்டற வரைக்கும் தேடினோம். கிடைக்கலை.

அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அடுத்த வாரம் மஞ்ச வெட்டு ஆரம்பம். வெட்டறவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன், பந்து கிடைச்சா எடுத்துக் குடுங்கன்னு.